இருட்டில் ஓடும் ஜீப்புகள்: மசினகுடியிலிருந்து ஒரு திறந்த மடல்

முதுமலைப் புலிகள் காப்பகத்தை நிர்வகிக்கும் வனத்துறை அதிகாரிகளுக்கும், நீலகிரி மாவட்ட நிர்வாகத்துக்கும், சுற்றுலாத் துறைக்கும்,

ஒரு சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல் மசினகுடி கடைவீதிக்கு வாருங்கள். சீருடை வேண்டாம், அரசு வண்டி வேண்டாம். ஊட்டி பார்க்க வந்த குடும்பஸ்தர் போல ஒரு டீயை வாங்கிக்கொண்டு ஓரமாக நில்லுங்கள். டீ ஆறுவதற்குள் ஒரு பையன் பக்கத்தில் வந்து, "சார், நைட் சஃபாரி போலாமா? யானை கண்டிப்பா காட்டிடுவோம்" என்று கேட்பான். குரலைத் தாழ்த்திக்கூடக் கேட்க மாட்டான்.

நான் இதே ஊரில் பகலில் ஜீப் ஓட்டிப் பிழைக்கிறவன். சுற்றுலாவே வேண்டாம் என்று நான் எழுதவில்லை. அது நின்றுபோனால் முதலில் அடிவாங்குவது என் வீடுதான். ஆனால் காட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு என்னென்ன விதி என்பது எங்கள் பக்கத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரிந்த விதியையும் யாரும் நடத்திக் காட்டுவதில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கான விதி மட்டும் எழுத்துப் பிசகாமல் நடக்கிறது. இதை வாய்மொழியாகப் பலமுறை சொல்லிப் பார்த்தாயிற்று. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க் கதையை மாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். என் அப்பா காலத்தில் மசினகுடி, மாவனல்லா, பொக்காபுரம் பக்கமெல்லாம் பட்டி பட்டியாக மாடு நின்றது. பாலை விடச் சாணத்துக்குத்தான் அதில் காசு. காலையில் காட்டுக்குள் மேயப் போகும், பொழுது சாயும்போது பட்டிக்குத் திரும்பும். ராத்திரி போட்ட சாணத்தை அள்ளிக் காயவைத்துக் குவித்தால் கேரளத்திலிருந்து லாரி வரும், தோட்டங்களுக்கு உரமாக ஏற்றிக்கொண்டு போகும். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் நானும் தங்கையும் படித்தது அந்தக் காசில்தான்.

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காட்டுக்குள் மாடு மேய்க்கத் தடை விதித்தது. முதலில் தமிழ்நாட்டுக் காடு முழுவதற்கும் என்றது. அதே மாதத்தில் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் இவற்றுக்கு மட்டும் என்று திருத்தியது. நாங்கள் இருப்பது புலிகள் காப்பகம். திருத்தத்தால் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊர் மாட்டின் நோய் காட்டு விலங்குக்குத் தொற்றும், மான் தின்ன வேண்டிய புல்லை மாடு தின்றுவிடும் என்று சொல்லப்பட்ட காரணங்களை நான் மறுக்கவில்லை. அவற்றில் உண்மை இருக்கிறது. சரி என்று தலையாட்டினோம். எங்கள் பட்டி இன்று காலி.

எங்களுக்கு மட்டும் இல்லை. முதுமலைக்கு உள்ளே பென்னை, மண்டக்கரை முதலிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள், புலிக்குத் தொந்தரவில்லாத இடம் வேண்டும் என்பதற்காக இழப்பீடு வாங்கிக்கொண்டு வெளியேறின. இருளர், குறும்பர் வீட்டுப் பெண்கள் சுள்ளி பொறுக்கப் போனால் எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய் என்று பதில் சொல்லியாக வேண்டும். பந்திப்பூர் வழியாகப் போகும் மைசூர் சாலை 2009 முதல் ராத்திரி 9 மணிக்கு மூடப்பட்டுக் காலை 6 மணிக்குத்தான் திறக்கிறது. காய்கறி லாரியும் கல்யாண வேனும் கர்நாடக எல்லையிலுள்ள கக்கநல்லா சாவடியில் விடியும்வரை நிற்கின்றன. ராத்திரியில் காடு விலங்குகளுக்கு, அவ்வளவுதான். இதை லாரிக்காரரும் ஏற்றுக்கொண்டார், நாங்களும் ஏற்றுக்கொண்டோம்.

அந்த லாரி அங்கே நின்றுகொண்டிருக்கும் அதே நேரத்தில், கொஞ்ச தூரம் தள்ளி எங்கள் ஊர் ரோட்டில் என்ன நடக்கிறது என்பதைப் போன தொடர் விடுமுறையில் நான் பார்த்தபடி சொல்கிறேன்.

மாவனல்லாவிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நன்றாக இருட்டிவிட்டது. ஒரு வளைவைத் தாண்டியதும் ரோடு முழுக்கக் கண் கூசும் வெளிச்சம். இரண்டு ஜீப், ஒரு வெளியூர் கார். ஜீப்புகளின் கூரைக் கம்பியில் வரிசையாக எல்இடி விளக்கு, போதாததற்குக் கையில் ஒரு ஸ்பாட்லைட். ரோட்டோரம் உண்ணிச்செடிப் புதரில் ஒரு பெண் யானை, அதன் காலடியில் குட்டி. கூட்டத்தில் மற்றவை ஏற்கெனவே ரோட்டைக் கடந்துவிட்டன என்று தெரிந்தது. எதிர்ப்பக்கச் சரிவில் மூங்கில் ஒடிகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இந்த இரண்டும் போக முடியாதபடி நடுவில் வண்டிகள். தாய் ஓரடி முன்னால் எடுத்து வைக்கும். உடனே ஒரு ஜீப் ஆக்ஸிலேட்டரை மிதித்து உறுமிக்கொண்டு முன்னால் வரும். தாய் பின்வாங்கும். குட்டி அதன் வயிற்றுக்கு அடியில் புகுந்து புகுந்து ஒளிந்தது. தாய் காதை விரித்தது, முன்காலால் மண்ணைத் தேய்த்தது, தும்பிக்கையைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது. காட்டோரம் வளர்ந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதற்கடுத்து யானை பாயும். காருக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

இறங்கிப் போய் விளக்கை அணைக்கச் சொன்னேன். ஜீப் ஓட்டிய பையன் தெரிந்தவன்தான். "அண்ணா, ரெண்டே நிமிஷம், கஸ்டமர் வீடியோ எடுத்துக்கட்டும்" என்றான். பின்சீட்டில் இருந்தவர், "நாங்க காசு குடுத்திருக்கோம். நீங்க யாரு சொல்றதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சொல்ல வேண்டியவர்கள் யாரும் அங்கே இல்லை. ஒரு எண்ணுக்கு அழைத்தேன், மணி அடித்து ஓய்ந்தது. இன்னொரு எண்ணில் எடுத்தவர் எந்த இடம் என்று விசாரித்துவிட்டு, அது தன் எல்லையில் வராது என்றார். கடைசியில் யானைதான் விட்டுக்கொடுத்தது. குட்டியைத் தள்ளிக்கொண்டு வந்த வழியே சரிவில் இறங்கிப் போனது. கூட்டத்தோடு எப்போது சேர்ந்ததோ, யாருக்குத் தெரியும்.

அதே வாரம் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், திரும்பி வராத கன்றைத் தேடிக் காட்டோரம் போனார். ஒரு சாவடியில் அவரை மத்தியானம் வரை உட்கார வைத்துவிட்டார்கள். அவர் கையில் கயிறு இருந்ததாம், அது எதற்கு என்று கேட்டார்களாம். கன்றைக் கட்டத்தான்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பது தெரியும். நைட் சஃபாரிக்கு அனுமதியே கிடையாது, பிடித்தால் அபராதம் போடுகிறோம், வண்டியையும் பறிமுதல் செய்திருக்கிறோம். உண்மைதான், செய்திருக்கிறீர்கள். எப்போதாவது ஒரு ஜீப் சிக்கும், பேப்பரில் செய்தி வரும், இரண்டு வாரம் ஊர் அமைதியாக இருக்கும். அப்புறம் பழையபடி. ராத்திரி ட்ரிப்புக்குப் பகல் வாடகையைப் போல இரண்டு மடங்கு கிடைக்கும்போது, அபராதத்தை டீசல் செலவோடு சேர்த்துக் கணக்கு எழுதிவிடுகிறார்கள். இதை அவர்களே சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள்.

நான் வக்கீல் இல்லை. ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறை உட்கார்ந்து படித்தேன். கொல்வதை மட்டும் அது வேட்டை என்று சொல்லவில்லை. பிரிவு 2(16)ன்படி காட்டு விலங்கை விரட்டுவதும், தீனி வைத்து வரவழைப்பதும், அதற்கு முயல்வதும்கூட வேட்டைதான். வேட்டையைத் தடுக்கும் 9ஆம் பிரிவுக்குச் சரணாலய எல்லை என்று ஒன்று கிடையாது. பட்டா நிலத்திலும் தார் ரோட்டிலும் அது செல்லும். அதிகப் பாதுகாப்புக்குரிய விலங்குகளைச் சொல்லும் முதல் அட்டவணையில் யானை இருக்கிறது. முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை. ஆக்ஸிலேட்டரை மிதித்து ஒரு தாய் யானையைப் பின்னுக்குத் தள்ளியதை இதில் எங்கே வைப்பீர்கள்? எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு ஜீப்பின் மேல் வேட்டை வழக்குப் போட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அத்துமீறல், அபராதம், போ. அத்தோடு முடிந்தது.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. சட்டம் வந்த புதிதில் லைசென்ஸ் வாங்கி வேட்டையாடும் வழக்கம் முழுக்க ஒழிந்துவிடவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு 17ஆம் பிரிவு கட்டுப்பாடுகள் வைத்தது. வண்டியில் இருந்தபடி வேட்டையாடக் கூடாது. மோட்டார் வண்டியை வைத்து விலங்கை விரட்டவோ கலைக்கவோ கூடாது. சிறப்பு அனுமதி இல்லாமல் செயற்கை வெளிச்சம் பயன்படுத்தக் கூடாது. சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை வேட்டைக்குப் போகக் கூடாது. தண்ணீர் குடிக்கும் இடம், உப்பு நக்கும் இடம், அங்கே போகும் தடம் ஆகியவற்றிலும் கூடாது. 1991இல் லைசென்ஸ் வேட்டையே எடுக்கப்பட்டபோது இந்தப் பிரிவும் போனது. வேட்டையே கிடையாது எனும்போது வேட்டைக்காரனுக்கு எதற்குக் கட்டுப்பாடு என்று எடுத்திருப்பார்கள். ஆனால் துப்பாக்கி வைத்திருந்தவனுக்கு அன்று எவையெல்லாம் மறுக்கப்பட்டனவோ, அத்தனையும் இன்று செல்போன் வைத்திருப்பவருக்கு எங்கள் ஊரில் வாடகைக்குக் கிடைக்கிறது.

நீலகிரியில் வெள்ளைக்காரர்களே வேட்டைக்கு வரம்பு போட்டுக்கொண்டவர்கள். 1877இல் சங்கம் வைத்தார்கள், 1879இல் நீலகிரிக்கென்றே வேட்டை விலங்குக்கும் மீனுக்கும் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். சுடக் கூடாத பருவம் என்று ஒன்று இருந்தது, லைசென்ஸ் இருந்தது. காட்டின் மேல் பாசம் என்று நினைத்துவிட வேண்டாம்; அடுத்த வருஷம் சுடுவதற்கு ஏதாவது மிஞ்ச வேண்டுமே என்ற கவலை. அந்தச் சுயநலக் கவலைகூட இன்று எங்கள் பக்கம் விடுதி நடத்தும் பலருக்கு இல்லை என்பதுதான் வேதனை.

விதியே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2012 ஜூலையில் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் சுற்றுலாவை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அதையடுத்து அக்டோபரில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. விலங்கிலிருந்து குறைந்தது 20 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். வண்டிக்கும் வண்டிக்கும் 50 மீட்டர் இடைவெளி வேண்டும். ஒரு விலங்கைப் பார்த்துக்கொண்டு 15 நிமிடத்துக்கு மேல் ஒரே வண்டி நிற்கக் கூடாது. வளைத்துக்கொள்ளக் கூடாது, தீனி போடக் கூடாது. நல்ல விதிகள். தெப்பக்காட்டிலிருந்து நீங்கள் ஓட்டும் வேனில் இவை ஓரளவு நடக்கின்றன. அந்த டிரைவருக்குத் தடம் உண்டு, நேரம் உண்டு, கேட்க மேலே ஒரு அதிகாரி உண்டு.

ஆனால் அது மையப் பகுதி, 321 சதுர கிலோமீட்டர். அதைச் சுற்றியுள்ள, அதைவிடப் பெரிய வெளிமண்டலத்தில் இருப்பவர்கள் நாங்கள். யானை நடமாட்டம் இங்கே குறைவா? 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த சீகூர் யானை வழித்தடம் எங்கள் வீட்டுப் பக்கமாகத்தான் போகிறது. அந்த வழக்கில் விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள், பட்டா ஆவணங்களைக் குழு போட்டுச் சரிபார்த்தார்கள். கட்டடத்தைப் பற்றி அவ்வளவு பேசினோம். அந்தக் கட்டடத்திலிருந்து ராத்திரியில் கிளம்பும் வண்டியைப் பற்றி யாரும் பேசவில்லை.

தீனி வைத்து வரவழைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். அறையின் பால்கனிக்கு எதிரே கல் உப்பைக் கொட்டி வைப்பது, சமையலறைக் கழிவைச் சுவரோரம் போடுவது, பலாப்பழத்தை வெட்டி வைப்பது எல்லாம் இங்கே சகஜம். விருந்தினர் காபி குடித்தபடி கடமான் பார்க்கலாம். மறுநாள் அதே கடமானைத் தேடிச் சிறுத்தை வரும். அந்தச் சிறுத்தை விருந்தினர் அறைக்குப் போவதில்லை, எங்கள் கோழிக்கூண்டுக்குத்தான் வரும்.

ரிவால்டோ என்ற யானையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தும்பிக்கையில் காயம், வாழைத்தோட்டம் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது, மனிதர்கள் கொடுத்த தீனிக்குப் பழகிப்போனது. 2021 மே மாதம் கரால் என்னும் மரக்கூண்டில் அடைத்தீர்கள், ஆகஸ்டில் தூரக் காட்டில் கொண்டுபோய் விட்டீர்கள். விட்ட கையோடு அது பழைய இடத்துக்கே நடந்து வந்துவிட்டது. ஒரு காட்டு யானையைக் கெடுக்க நாலு வாழைத்தாரும் கொஞ்சம் கரும்பும் போதும். திருத்த எவ்வளவு ஆள், எவ்வளவு பணம், எத்தனை மாதம் ஆயிற்று என்பது உங்களுக்கே தெரியும்.

அதே ஆண்டு ஜனவரியில் நடந்ததை எழுதவே கை வரவில்லை. ஏற்கெனவே முதுகில் காயத்தோடு திரிந்த ஒரு கொம்பன் யானை, தங்கும் விடுதி ஒன்றின் பக்கம் வந்தபோது எரியும் டயரை அதன் மேல் எறிந்தார்கள். டயர் காதில் மாட்டிக்கொண்டது. நெருப்போடு அது ஓடிய வீடியோவை ஊரே பார்த்தது. தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில் செத்துப்போனது. அதற்கு வைத்தியம் பார்த்துவந்த உங்கள் வனக்காவலர் ஒருவர் லாரியில் கிடந்த யானையின் தும்பிக்கையைத் தடவி அழுததையும் நாடே பார்த்தது. ஆட்களைக் கைது செய்தீர்கள். அதன் பிறகு இங்கே விடுதிகளுக்கு வந்த புதுக் கட்டுப்பாடு என்ன? ராத்திரியில் விறகு அடுக்கி கேம்ப் ஃபயர் போடுவது நின்றதா? ஸ்பீக்கர் வைப்பது நின்றதா? கோடையில் மூங்கிலும் புல்லும் காய்ந்து கிடக்கும்போதுகூட நிற்கவில்லை. தீத்தடுப்புக் கோடு வெட்டக் கூலிக்குப் போகும் எங்கள் ஊர்ப் பையன்கள், வேலை முடிந்து திரும்பும் வழியில் அந்த நெருப்பைப் பார்த்துக்கொண்டே வருகிறார்கள்.

மாயார் பள்ளத்தாக்கில் பாறுக் கழுகுகள் கூடு கட்டும் மரங்களைப் பற்றி ஒரு வரி. தமிழ்நாட்டில் இந்தப் பறவை கூடு வைக்கும் இடங்கள் மிகக் குறைவு, அதில் இதுதான் முக்கியமானது. அந்தப் பக்கம் ட்ரோன் பறப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆற்றோரம் நீர்மத்தி மரத்தில் அடைகாக்கும் பறவைக்கு மேலே அது வட்டமடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நிர்வாகத்தால் முடியாது என்றும் நான் நம்பவில்லை. உயர் நீதிமன்றம் சொன்னபடி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000, சனி ஞாயிறுகளில் 8,000 சுற்றுலா வண்டிகள் என்று வரம்பே வந்தது. கல்லாறிலும் கக்கநல்லாவிலும் ஒவ்வொரு காரையும் நிறுத்திக் கியூஆர் கோடு பார்க்கிறீர்கள், டிக்கியைத் திறந்து பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குகிறீர்கள். மாவட்டத்துக்குள் எத்தனை வண்டி வருகிறது என்று எண்ணத் தெரிந்த உங்களுக்கு, அதில் எத்தனை பேர் ராத்திரி எங்கள் ஊரில் ஜீப் மாறி ஏறுகிறார்கள் என்று எண்ண முடியாதா? அந்த ரோட்டில் நிற்க இரண்டு ஆள் போதும்.

ஜீப் பையன்களைப் பிடித்து உள்ளே போட்டால் போதும் என்று இதைப் படிக்கும் சிலருக்குத் தோன்றலாம். அது சுலபம், அதனால்தான் அதை மட்டும் செய்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. அந்தப் பையன் பழைய ஜீப்பைக் கடனில் வாங்கியவன். மாதா மாதம் தவணை. மாடு போச்சு, விவசாயத்தை யானையும் பன்றியும் தின்கின்றன, வேறு தொழில் கிடையாது. விருந்தினரை அவனிடம் அனுப்புவது விடுதி. கமிஷன் எடுப்பதும் விடுதி. "யானை காட்டாவிட்டால் அடுத்த தடவை உன்னைக் கூப்பிட மாட்டோம்" என்று சொல்வதும் அவர்கள்தான். இணையத்தில் தேடிப் பாருங்கள், அறை வாடகையோடு நைட் சஃபாரியும் கேம்ப் ஃபயரும் சேர்த்து விளம்பரமே செய்கிறார்கள். சட்டத்துக்குப் புறம்பான ஒன்றை விலை போட்டு விற்கிறார்கள், அதுவும் படத்தோடு. இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆனால் ராத்திரி பிடிபடுவது பையனும் அவன் ஜீப்பும்தான்.

வருகிறவர்களிலும் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. பகலில் என் ஜீப்பில் ஏறுகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: சத்தம் கூடாது, கீழே இறங்கக் கூடாது, பார்க்கக் கிடைத்தால் பார்ப்போம், கிடைக்காவிட்டால் என்னைத் திட்டக் கூடாது. பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறார்கள். விதி என்ன என்று யாராவது தெளிவாகச் சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள் என்பது என் அனுபவம். யாரும் சொல்லாததால், காசு கொடுத்தால் எதையும் கேட்கலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2021இல் டி23 புலியை நீங்கள் மயக்க ஊசி போட்டுப் பிடித்து மைசூருக்கு அனுப்பிய பிறகு, "அந்தப் புலியைப் பிடித்த இடத்தைக் காட்டு" என்று கேட்டு வந்தவர்களும் உண்டு. அந்தப் புலியால் செத்தவர்கள் எங்கள் சனம். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நாட்கள் அவை. அவர்களுக்கு அது ஒரு செல்ஃபி.

இனி நான் கேட்பவை.

பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை, மசினகுடியிலிருந்து மாவனல்லா, வாழைத்தோட்டம், பொக்காபுரம், சிங்காரா, மாயார் பக்கம் போகும் ரோடுகளில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சுற்றிக்காட்டும் வண்டிகளுக்கு எழுத்துப்பூர்வமான தடை உத்தரவு போடுங்கள். ஊர்க்காரர் வண்டி, பஸ், ஆம்புலன்ஸ், விடுதிக்கு நேராகப் போகும் வண்டி ஆகியவற்றுக்கு விலக்கு வேண்டும். அவற்றை அடையாளம் காண ஸ்டிக்கர் கொடுங்கள். கூரை விளக்கும் ஸ்பாட்லைட்டும் உள்ள ஜீப்பைப் பகலிலேயே நிறுத்திக் கழற்றச் சொல்லுங்கள்.

2012 நெறிகளில் உள்ள 20 மீட்டர், 50 மீட்டர், 15 நிமிட விதிகள் வெளிமண்டல ரோடுகளுக்கும் பொருந்தும் என்று தனி உத்தரவு வேண்டும். அதைத் தமிழ், மலையாளம், கன்னடம், ஆங்கிலம் நான்கிலும் எழுதிக் கல்லட்டி, தெப்பக்காடு, மசினகுடி மூன்று இடத்திலும் பலகை வையுங்கள். இ-பாஸ் வாங்குகிறவரின் செல்போனுக்கு அந்த விதிகளையும் சேர்த்தே அனுப்புங்கள். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

பகல் ஜீப் தொழிலை ஒழுங்குபடுத்துங்கள். உள்ளூர் ஜீப்புகளைப் பதிவு செய்து, ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று எண்ணிக்கை வைத்து, முறை போட்டு விடுங்கள். வாடகையை நீங்களே நிர்ணயித்து எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு ஜீப்பிலும் பழங்குடி இளைஞர் ஒருவர் வழிகாட்டியாக, சம்பளத்தோடு, வர வேண்டும். முறைப்படி வண்டி கிடைத்தால் ராத்திரி ஓட்ட யாருக்கும் அவசியம் வராது. விதியை மீறும் ஜீப்புக்கு முதல் தடவை மாதக் கணக்கில் முறை கிடையாது, இரண்டாவது தடவை பதிவே கிடையாது என்று வையுங்கள். இந்த நிபந்தனைக்கு என் ஜீப்பையும் சேர்த்தே கேட்கிறேன்.

விடுதிகளில் திறந்தவெளி நெருப்பு, வெளியே கேட்கும் ஸ்பீக்கர், உப்பு, தீனி இவற்றைத் தடை செய்து, வருவாய்த் துறை, வனத்துறை, உள்ளாட்சி மூன்றும் சேர்ந்து முன்னறிவிப்பு இல்லாமல் சோதனை போட வேண்டும். நைட் சஃபாரி என்று விளம்பரம் செய்யும் விடுதிக்கு அந்த விளம்பரத்தையே ஆதாரமாக வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். உரிமத்தில் கை வையுங்கள்.

விலங்கை வண்டியால் விரட்டியது, தீனி வைத்து வரவழைத்தது என்று தெரிந்தால் அபராதத்தோடு அனுப்பாமல் வேட்டைப் பிரிவில் வழக்குப் பதியுங்கள். வண்டி ஓட்டியவரோடு, அனுப்பிய விடுதியையும் வழக்கில் சேருங்கள்.

அப்புறம், ராத்திரியும் எடுக்கும்படி ஒரே ஒரு ஃபோன் எண் வேண்டும். எந்தச் சரகத்து எல்லை என்பதை நீங்கள் உங்களுக்குள் பார்த்துக்கொள்ளுங்கள், அழைக்கிறவனிடம் கேட்காதீர்கள். மாதா மாதம் எத்தனை புகார் வந்தது, எதற்கு என்ன செய்தீர்கள் என்பதை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள்.

இந்த விதிகளின் வரைவை அதிகாரிகளே அறைக்குள் எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் எங்களுக்கு அறிவிக்காதீர்கள். தமிழில் எழுதிய வரைவு அடுத்த கிராம சபைக்குப் பதினைந்து நாள் முன்னால் ஊராட்சிக்கு வந்து சேர வேண்டும். சபைக்கு வனத்துறையிலிருந்து முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் நேரில் வர வேண்டும். வரைவு வராவிட்டால், மேலே கேட்ட அத்தனையையும் தீர்மானமாக நாங்களே அந்தச் சபையில் வைப்போம். அதன் நகல் உங்களுக்கும், சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கும் பதிவுத் தபாலில் வரும்.

இப்படிக்கு,
மசினகுடி ஜீப் ஓட்டுநர் ஒருவர்